கோட்டின் விளிம்பில் ஓடும் யந்திரம்

பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோப் போட்டி நடக்கும் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும், முற்பகல் கழிவதற்குள் ஒரு முறையீடு காதில் விழாமல் போவதில்லை. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கும் மூவர், பல வாரங்கள் பூட்டியும் கழற்றியும் தாங்கள் பழக்கிய சிறு யந்திரத்தைப் போட்டி மேஜையின் மூலையில் வைத்து, அதன் முகம் நேராக இருக்கிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பொத்தானை அழுத்திக் கையை எடுத்துக்கொள்கிறார்கள். யந்திரம் நேராக ஓடுகிறது. குறித்த இடத்தில் திரும்புகிறது. பிறகு, எடுக்கவேண்டிய கட்டைக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்று, வெறும் காற்றைப் பற்றி உயர்த்திக்கொண்டு திரும்பி வருகிறது. "நேத்து நல்லாத்தான் ஓடிச்சு சார்" என்று ஒரு சிறுவன் ஆசிரியரிடம் சொல்லும்போது அவன் குரல் தழுதழுக்கிறது.

அவன் சொல்வது முழு உண்மை. நேற்று ஓடிய நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஒரு திருகாணிகூடத் தளரவில்லை. கணக்குப் போடும் யந்திரம் ஒரே கணக்குக்கு நேற்று ஒரு விடையும் இன்று வேறு விடையும் சொல்வதில்லை என்பதை நாமெல்லாரும் அறிவோம். அப்படியிருக்க, அதே கணிப்பொறிக்கு இரண்டு சக்கரங்களைப் பூட்டித் தரையில் விட்ட மாத்திரத்தில், அதன் சொல்லுறுதி எங்கே போய்விடுகிறது? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியின்மேல் முட்டிக்கொண்டு, அதற்கு விடை தேடும் பிரயத்தனத்தில் பொறியியலின் மிக ஆழமான ஒரு கருத்தைத் தாங்களே கண்டடைகிறார்கள் என்பதுதான் இப்போட்டிகளின் பெரும் பயன் என்பது என் அபிப்பிராயம். பரிசுக் கோப்பைகளைப்பற்றிப் பத்திரிகைகளில் வரும் படங்களில் இந்த விஷயம் தெரிவதில்லை. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் போட்டி இன்னதென்று தெரிந்துகொள்வோம். உலகெங்கும் பரவியுள்ள இவ்வகைப் போட்டிகளுள் ஒன்று உலக ரோபோ ஒலிம்பியாட். அது 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016 நவம்பரில் அதன் உலக இறுதிச் சுற்று தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவற்றுள் ஒன்று தேசிய அறிவியல் அருங்காட்சியகங்களின் குழு. திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில், கொக்கிரகுளத்தில், 1987-இல் திறக்கப்பட்ட மாவட்ட அறிவியல் மையமும் அந்தக் குழுவினுடையதே. மற்றொன்று, டீன் கேமன் என்னும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பும் டென்மார்க்கின் லெகோ விளையாட்டுப் பொருள் நிறுவனமும் சேர்ந்து சென்ற நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக். இரண்டிலும் களம் ஒரு மேஜையளவுதான்: நீளம் 2362 மில்லிமீட்டர், அகலம் 1143 மில்லிமீட்டர். அதன்மேல் கோடுகளும் வண்ணக் கட்டங்களும் அச்சிட்ட விரிப்பு. ஆங்காங்கே எடுக்கவும் தள்ளவும் திருப்பவும் வேண்டிய பொருள்கள். ஒன்றில் இரண்டு நிமிஷம், மற்றொன்றில் இரண்டரை நிமிஷம் அவகாசம். தொலைவிலிருந்து இயக்கும் கருவி எதுவும் கூடாது. பொத்தானை அழுத்திய பிறகு யந்திரம் தானே ஓடவேண்டும். வழியில் கையால் தொட்டால் தண்டம் உண்டு.

நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், ஆறு முதல் பன்னிரண்டு வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கென, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியத்தில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. பத்தாயிரம் பள்ளிகளில் இவை அமைந்துவிட்டன. ஐந்தாண்டுகளில் இன்னும் ஐம்பதாயிரம் அமையும் என்று 2025-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நெல்லை - செங்கோட்டை ரயில் பாதையில் உள்ள ஆழ்வார்குறிச்சி போன்ற ஊர்களின் பிள்ளைகளும் இத்துறைக்கு வந்து சேரும் காலம் தூரத்தில் இல்லை. அவர்கள் கையில் முதலில் கிடைக்கப்போவது விலையுயர்ந்த அந்நிய நாட்டுப் பெட்டியாக இராது. ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையும், மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடங்கிய இரண்டு சிறு மோட்டார்களும், ஒரு பேட்டரிப் பெட்டியுமாகத்தான் இருக்கும். அது போதும். சொல்லப்போகும் தத்துவம் இரண்டிலும் ஒன்றே.

இனி நம் புதிருக்கு வருவோம். ரோபோவுக்கு மேஜை தெரியாது, கட்டை தெரியாது, தான் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரியாது. லெகோ மோட்டார்களைப் போன்ற நல்ல மோட்டாருக்குள் தன் அச்சு எத்தனை பாகை சுற்றியது என்று எண்ணும் ஓர் ஏற்பாடு உண்டு. அந்த எண் ஒன்றுதான் அதற்கு உலகத்தைப்பற்றித் தெரிந்த சங்கதி. 56 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் ஒரு முழுச் சுற்றில் 176 மில்லிமீட்டர் தூரம் உருளும். ஆகவே ஒரு மீட்டர் போகவேண்டுமானால் ஐந்தே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்று என்று பிள்ளைகள் கட்டளையிடுகிறார்கள். சக்கரம் அப்படியே சுற்றுகிறது. ஆனால் சக்கரம் சுற்றுவதும் வண்டி நகர்வதும் ஒன்றல்லவே! விரிப்பின்மேல் படிந்த தூசியில் சக்கரம் சற்று வழுக்கியிருக்கலாம். பற்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் சிறிது சுற்று வீணாகியிருக்கலாம். பிள்ளை ஒரு கண்ணை மூடிப் பார்த்து வைத்தபோதே முகம் சற்றுத் திரும்பியிருக்கலாம்.

இவற்றுள் தூரத்தில் நேரும் பிழை சாதுவானது. திசையில் நேரும் பிழைதான் பொல்லாதது. புறப்படும்போது முகம் ஒரே ஒரு பாகை, அதாவது ஒரு செங்கோணத்தில் தொண்ணூறில் ஒரு பங்கு, பிசகியிருந்தால் கண்ணுக்கு அது தென்படாது. ஆயினும் அதே திசையில் இரண்டு மீட்டர் ஓடிய பிறகு வண்டி 35 மில்லிமீட்டர் விலகி நிற்கும். இரண்டு விரற்கடை என்றோமே, அது இதுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் இவ்வாறு சிறிது சேர்ந்தால், பத்தாவது காரியத்துக்குப் போகும்போது யந்திரம் தான் நிற்பதாக எண்ணும் இடமும் உண்மையில் நிற்கும் இடமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றுப் போய்விடுகின்றன.

மஞ்சள் மோட்டாருக்குச் சுற்றை எண்ணும் வசதியும் இல்லை. 'இரண்டு விநாடி ஓடு' என்றுதான் அதற்குச் சொல்லமுடியும். இரண்டு விநாடியில் அது எவ்வளவு தூரம் போகும் என்பது பேட்டரியின் தெம்பைப் பொறுத்தது. சாதாரணச் செல் ஆறு போட்டால் 9 வோல்ட். மறுபடி மறுபடி மின்னேற்றும் செல் ஆறு போட்டால் 7.2 வோல்ட், அதுவும் மாலைக்குள் தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுற்றுவதும் அபூர்வம். வலப்பக்கத்து மோட்டார் சற்று வேகமாயிருந்தால் வண்டி நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே இடப்பக்கம் வளைந்து போகும்.

இவையெல்லாம் ஊகமென்று நினைக்கவேண்டாம். பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வண்டியைப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படி ஒரு சதுரப் பாதையில் ஓடவிட்டு, அது வந்து நிற்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கவேண்டும். மறுபடி ஓட்டி மறுபடி புள்ளி. புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருங்கித் திரண்டிருந்தால் அது நிலையான பிழை. சக்கரங்களின் அளவு வித்தியாசம் போன்ற ஒரு ஸ்திரமான காரணம் அதற்கு இருந்தாகவேண்டும். அதைக் கண்டு திருத்திவிடலாம். புள்ளிகள் திக்குக்கு ஒன்றாய்ச் சிதறியிருந்தால் அது தற்செயல் பிழை; வழுக்கலும் தூசியும் அதற்குக் காரணம்; அதைத் திருத்தமுடியாது, குறைக்கத்தான் முடியும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1990களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரன்ஸ்டைன், ஃபெங் என்ற இருவர், சதுரத்தை ஒரே திக்கில் ஓடவிட்டுச் சோதிப்பது ஏமாற்றிவிடும் என்று காட்டினார்கள். சக்கரங்கள் சமமாக இல்லாததால் வரும் பிழையும், திருப்பத்தில் கொஞ்சம் கூடவோ குறையவோ திரும்புவதால் வரும் பிழையும் வலமாகச் சுற்றும்போது ஒன்றையொன்று மறைத்து, வண்டி குற்றமற்றதுபோலத் தோன்றலாம். அதே வண்டியை இடமாகச் சுற்றவிட்டால் இரண்டு பிழைகளும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே 4 மீட்டர் சதுரத்தில் இப்பக்கம் ஐந்து தடவை, அப்பக்கம் ஐந்து தடவை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் வகுத்தார்கள். பள்ளி வராந்தாவில் ஒரு மீட்டர் சதுரம் வரைந்துகொண்டு இதைச் செய்துபார்க்க எந்தப் பள்ளிக்கும் செலவில்லை. போட்டிக்குப் போகும் குழுக்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். யந்திரம் தவறினால் நிரலில் உள்ள எண்ணை அங்கே சிறிது கூட்டி இங்கே சிறிது குறைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். மறுநாள் வேறு பேட்டரி போட்டவுடன் அந்த ஒப்பேற்றல் பாழாகிறது.

இதுவரை சொன்ன யந்திரம், கட்டளையை நிறைவேற்றுகிறதே தவிர, நிறைவேறிற்றா என்று பார்ப்பதில்லை. இத்தகைய இயக்கத்தைத் திறந்த சுற்று என்பார்கள். விளைவை அளந்து, வேண்டியதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு, அந்த வித்தியாசத்தைக் கொண்டே அடுத்த செய்கையைத் தீர்மானிப்பது மூடிய சுற்று. செய்கையின் விளைவு மறுபடி செய்கைக்குள்ளேயே வந்து சேருவதால் இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். அளப்பதற்கு ஓர் உறுப்பு வேண்டும், அதுவே உணரி. பிள்ளைகள் சென்சார் என்றே சொல்கிறார்கள்.

வெள்ளை விரிப்பில் கறுப்புக் கோட்டைப் பற்றிக்கொண்டு ஓடும் யந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதன் முன்புறத்தில், தரைக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு சிறு விளக்கும் அதன் பக்கத்தில் ஓர் ஒளியுணரியும் கீழ்நோக்கி நிற்கின்றன. வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. கறுப்பு அதை விழுங்கிவிடுகிறது. வெள்ளையின்மேல் 80, கறுப்பின்மேல் 10 என்று உணரி சொல்வதாக வைத்துக்கொள்வோம். கோட்டைப் பின்தொடரவேண்டும் என்றவுடன், உணரியைக் கோட்டின் நடுவில் நிறுத்துவதே முறையென்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் தவறு. கோட்டின் நடுவிலிருந்து இடப்பக்கம் விலகினாலும் 80, வலப்பக்கம் விலகினாலும் 80. விலகிவிட்டோம் என்பது தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் உணரியைக் கோட்டின் விளிம்பில் நிறுத்துகிறார்கள். உணரி பார்ப்பது ஒரு புள்ளியை அன்று, ஒரு சிறு வட்டத்தை. வட்டத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்றிருக்கும்போது அது 45 என்று சொல்லும். எண் 45-க்கு மேலே ஏறினால் வெள்ளைப் பக்கம் சாய்ந்துவிட்டோம். கீழே இறங்கினால் கறுப்புப் பக்கம். எவ்வளவு ஏறிற்று அல்லது இறங்கிற்று என்பதே எவ்வளவு விலகினோம் என்பதற்குக் கணக்கு. திசையும் அளவும் ஒரே எண்ணில் கிடைத்துவிட்டன. இதைத் தானாகவே கண்டுபிடித்த ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது ஆசிரியத் தொழிலின் பெரும் பாக்கியங்களுள் ஒன்றென்பேன்.

எண் கிடைத்தபின் என்ன செய்வது? இதை விளக்க, நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தைக் காட்டிலும் நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை. தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். தேர் தெருவின் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகத் தொடங்கினால், சக்கரத்தின் அருகே நடந்துவருபவர்கள் சறுக்குக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து அதை நடுத்தெருவுக்குத் திருப்புகிறார்கள். விலகல் சிறிதானால் கட்டையைச் சிறிதளவு கொடுத்தால் போதும். பெரிதானால் வலுவாகக் கொடுக்கவேண்டும். இது முதல் விதி: திருத்தம் விலகலின் அளவுக்கு ஏற்றதாயிருக்கவேண்டும். ஆனால் அத்தனை பெரிய பாரம் திரும்பத் தொடங்கிவிட்டால் உடனே நிற்காது. தேர் நேரான பிறகுதான் கட்டையை எடுப்பேன் என்று காத்திருப்பவன், அது மறுபக்கம் ஓடுவதைத்தான் பார்ப்பான். கைதேர்ந்தவர், தேர் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு, விலகல் எவ்வளவு வேகமாகக் குறைந்துவருகிறது என்பதையும் கண்ணால் அளந்து, நேராவதற்குச் சற்று முன்னரே கட்டையை உருவிவிடுவார். இது இரண்டாம் விதி. மூன்றாவது ஒன்றும் உண்டு: தெருவே ஒரு பக்கம் சரிந்திருந்தால், எவ்வளவு திருத்தினாலும் தேர் அந்தப் பக்கமாகவே சிறிது சிறிதாக ஒதுங்கிக்கொண்டிருக்கும். அப்போது, இதுவரை சேர்ந்த ஒதுக்கத்தையெல்லாம் மனத்தில் வைத்து, மறுபக்கத்தில் ஒரு நிரந்தரமான அணைப்பைக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும்.

விகிதத் திருத்தம், மாறுவேகத் திருத்தம், திரள் திருத்தம் என்று இம்மூன்றுக்கும் பெயரிடலாம். முதலாவதை மட்டும் கொண்ட ரோபோ, கோட்டின் இருபுறமும் நெளிந்து நெளிந்து ஓடும். திருத்தத்தின் வலிவைக் கூட்டினால் நெளிவு அதிகமாகிக் கடைசியில் கோட்டை விட்டே வெளியேறும். இரண்டாவதைச் சேர்த்தவுடன் நெளிவு அடங்குகிறது. ஒரு மோட்டார் சோம்பலாக இருக்கும் மஞ்சள் மோட்டார் வண்டிக்கு மூன்றாவதும் தேவைப்படுகிறது. திருத்தமே தடுமாற்றத்துக்குக் காரணமாகும் இந்த விசித்திரத்தைப் பெரியோர்களும் வெகுகாலம் அநுபவித்தார்கள். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினுக்குச் சுழலும் இரண்டு குண்டுகளைக் கொண்ட வேகக் கட்டுப்பாட்டை அமைத்தார். அதைப் பின்பற்றிச் செய்த பல எஞ்சின்கள் நிலைகொள்ளாமல் வேகமும் மந்தமுமாக மாறி மாறி அலைந்தன. அலைச்சல் எப்போது அடங்கும், எப்போது வளரும் என்பதை மாக்ஸ்வெல் என்ற மேதை 1868-இல் கணித முறையில் ஆராய்ந்தார்.

மூன்று திருத்தங்களையும் ஒருங்கே எழுத்தில் வைத்தவர் நிக்கலஸ் மினோர்ஸ்கி. ருஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அவர், கப்பலைத் தானாகவே செலுத்தும் ஏற்பாடொன்றை அமெரிக்கக் கடற்படைக்காக ஆராய்ந்தார். அவர் வழி வெறும் கணிதத்தோடு நின்றுவிடவில்லை. நல்ல சுக்கானி எப்படிச் செலுத்துகிறான் என்பதை அவர் கவனித்தார். கப்பல் எவ்வளவு விலகியது என்பதை மட்டும் அவன் பார்ப்பதில்லை. முன்பு எவ்வளவு விலகியிருந்தது, இப்போது எந்த வேகத்தில் திரும்புகிறது என்பதையும் பார்க்கிறான் என்று கண்டார். அந்தக் கையின் பழக்கத்தைத்தான் 1922-இல் அவர் விதியாக வடித்தார். நியூ மெக்ஸிகோ என்ற போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது. ஏழாம் வகுப்பு மாணவன் தன் நிரலில் எழுதும் மூன்று வரிகள், ஒரு மாலுமியின் கைத்திறனிலிருந்து பிறந்தவை.

பின்னூட்டம் ஆழ்வார்குறிச்சிக்குப் புதிது என்று யாரும் எண்ணவேண்டாம். சிம்சன் குழுமத்தைக் கட்டியெழுப்பிய அனந்தராமகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். 1950களில் சென்னையில் அவருடைய தொழிற்சாலையில் உருவான டீசல் எஞ்சின் ஒவ்வொன்றிலும், பாரம் ஏறினால் எண்ணெயைக் கூட்டியும் இறங்கினால் குறைத்தும் வேகத்தை நிலைநிறுத்தும் கவர்னர் இருந்தது. வாட்டின் குண்டுகளுடைய வம்சம் அது. 1960-இல் அவருடைய குழுமம், மாசி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே செய்வதற்காக டாஃபே என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அந்த டிராக்டரில் ஹாரி ஃபெர்குசனின் ஏற்பாடு ஒன்று உண்டு. கலப்பை இறுகிய மண்ணில் சிக்கினால், அதைத் தாங்கும் மேல் இணைப்புக் கம்பி ஒரு வில்சுருளை அமுக்குகிறது. அந்த அமுக்கம் எண்ணெய் அழுத்தக் கருவியின் வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றுத் தூக்குகிறது. மண் இளகியதும் கலப்பை தானே இறங்குகிறது. கணிப்பொறியின் வாடையே இல்லாமல், வில்லே உணரியாகவும் வால்வே மூளையாகவும் இருக்கும் முழு ரோபோ அது. கடனாநதிப் பாசனத்து வயல்களில் அப்படி ஒரு டிராக்டர் உழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வகுப்பைத் தொடங்கும் ஆசிரியர், பாதிப் பாடத்தை வரப்பிலேயே முடித்துவிடுவார்.

உணரி இருந்தாலே போதுமா என்றால், அதுவும் போதாது. உணரியையும் சந்தேகிக்கவேண்டும். பள்ளியில் ஜன்னலோரத்து வெளிச்சத்தில் வெள்ளை 80 என்று சொன்ன உணரி, மண்டபத்தின் விளக்குகளுக்குக் கீழே 92 என்று சொல்லலாம். அப்போது 45 என்பது விளிம்பே அன்று. ஆகையால் அனுபவமுள்ள குழுவினர் போட்டியன்று காலையில் முதற்காரியமாக அந்த மேஜையின் வெள்ளையையும் கறுப்பையும் புதிதாக அளந்து, நடு எண்ணை மாற்றிக்கொள்கிறார்கள். சில உணரிகள் தம் விளக்கை விநாடிக்குப் பல நூறு தடவை ஏற்றியும் அணைத்தும் பார்த்து, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மண்டப வெளிச்சத்தைத் தள்ளிவிடுகின்றன. இன்னும் எளிய தந்திரம், மேஜையின் சுவரில் வேண்டுமென்றே பின்புறமாக மோதுவது. பின்புறத்தின் இரண்டு மூலைகளும் சுவரில் முட்டி நிற்கும்போது வண்டியின் முகம் தானே நேராகிவிடுகிறது. அதுவரை சேர்ந்த திசைப் பிழையெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோகிறது. பார்வையாளர் கண்ணுக்கு அது விபத்தாகத் தோன்றும். அதுவே அந்த ஓட்டத்தின் மிகச் சாமர்த்தியமான கணம்.

போட்டி விதிகளை எழுதுகிறவர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. 1979-இல் நியூயார்க்கில், சுண்டெலி யந்திரங்களைச் சிக்கல் வழியில் ஓடவிடும் ஒரு பந்தயம் நடந்தது. வழியைக் கண்டு நினைவில் வைக்கும் அறிவுள்ள யந்திரங்கள் பல வந்திருந்தும், ஒரு பக்கச் சுவரை விடாமல் ஒட்டிக்கொண்டு வேகமாக ஓடமட்டும் தெரிந்த ஒன்று அவற்றை முந்திவிட்டது. ஐரோப்பாவில் அடுத்து நடத்தியவர்கள் இலக்கைச் சிக்கல் வழியின் நடுவில், வெளிச்சுவரோடு தொடர்பறுத்து வைத்தார்கள். சுவரை ஒட்டி ஓடுவது அத்தோடு பயனற்றதாயிற்று. உலக ரோபோ ஒலிம்பியாடிலும் இதே விவேகம் காணப்படுகிறது. யந்திரங்களையெல்லாம் வாங்கி நடுவர் மேஜையில் வைத்த பிறகே வண்ணக் கட்டைகளின் இடங்கள் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். அதற்குமேல் நிரலைத் தொடமுடியாது. மனப்பாடமாக ஓடும் யந்திரம் அங்கே நிற்காது; வண்ணத்தைப் பார்த்து முடிவெடுப்பதே நிற்கும். போட்டியன்று காலையில், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு புது விதியையும் அறிவிப்பார்கள். பல ஆண்டுகள் வரை, யந்திரத்தை உதிரி உதிரியாகக் கொண்டுவந்து, படத்தின் உதவியின்றி அரங்கிலேயே பூட்டவேண்டும் என்ற விதியும் இருந்தது.

அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. யந்திரத்தைச் செய்தது பிள்ளையா, பயிற்சியாளரா, தகப்பனாரா என்ற கேள்வியை அது பேசாமலே தீர்த்துவிடும். இன்று நகரங்களில் பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு முடிந்த நிரலைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பும் பயிற்சி நிலையங்கள் பெருகிவருகின்றன. இதைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. கணிப்பொறியைக் கொண்டு குழந்தைகள் கற்பதைப்பற்றி வாழ்நாளெல்லாம் சிந்தித்த சீமோர் பேப்பர்ட், 1967-இல் தோழர்களோடு சேர்ந்து லோகோ என்ற கணிமொழியை உண்டாக்கினார். அவருடைய 1980-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் பெயரைத்தான் லெகோ நிறுவனம் 1998-இல் தன் ரோபோப் பெட்டிக்கு இட்டது. நிரலில் வரும் பிழை வெட்கப்படவேண்டிய ஒன்றன்று, அது ஆராயவேண்டிய ஒன்று என்பது அவர் வற்புறுத்திய கருத்து. பிழையை வேறொருவர் திருத்திக் கொடுத்துவிட்டால், ஆராய்வதற்கு அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது?

ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் யந்திரத்தின் ஓட்டத்துக்கு மொத்த மதிப்பில் நாலில் ஒரு பங்குதான். மற்றவை, யந்திரத்தை எப்படி வகுத்தார்கள், ஒருவரோடொருவர் எப்படி இணங்கி உழைத்தார்கள், அந்த ஆண்டுக்குக் குறித்த பொருளில் என்ன ஆராய்ச்சி செய்தார்கள் என்பவற்றுக்கு. 2025-26 பருவத்துக்குக் குறித்த பொருள் தொல்லியல். தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட வாய்ப்பான பொருள் அமைவது அரிது. இதே ஆற்றங்கரையில், திருநெல்வேலிக்குக் கீழே, ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டினார்கள். 2004-இல் மறுபடியும் அகழாய்வு தொடங்கியது. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. தொல்லியலார் எதிர்ப்படும் ஒரு தொல்லையைக் கண்டு அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்பது பிள்ளைகளுக்கு இட்ட பணி.

அவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க தொல்லை ஒன்றை நான் சொல்கிறேன். அகழிக் குழியின் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை மண்ணின் நிறத்தைக் கொண்டே பெரும்பாலும் பிரிக்கிறார்கள். நிறத்தைக் குறிக்க, மன்செல் என்பவர் வகுத்த முறைப்படி வண்ணச் சில்லுகள் ஒட்டிய புத்தகத்தை மண்ணின் அருகே பிடித்து, எது ஒத்துப்போகிறது என்று கண்ணால் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வது வழக்கம். இருவர் பார்த்தால் இரண்டு எண் வருவதுண்டு. காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் வேறுபடுவதுண்டு. கறுப்புக் கோட்டின் விளிம்பைப் பார்த்த அதே வண்ண உணரியை, வெளி வெளிச்சம் புகாதபடி ஒரு சிறு கறுப்புக் குழாய்க்குள் பொருத்தி, மண்ணின்மேல் அழுத்திப் பிடித்தால் என்ன எண் வரும்? இதற்கு ஆதிச்சநல்லூர் வரை போகவேண்டியதில்லை. ஆற்றங்கரை வண்டலும், வயற்களியும், மலையடிவாரத்துச் செம்மண்ணும் ஆழ்வார்குறிச்சியைச் சுற்றியே கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துச் சிரட்டைகளில் வைத்து அளந்துபார்க்கலாம். அளக்கத் தொடங்கிய அன்றே, காய்ந்த மண்ணுக்கு ஓர் எண்ணும் நனைத்த அதே மண்ணுக்கு வேறோர் எண்ணும் வருவதை அவர்கள் காண்பார்கள். மன்செல் புத்தகத்தை உபயோகிப்பவர்கள், நிறத்தோடு மண் ஈரமா உலர்ந்ததா என்பதையும் தவறாமல் எழுதிவைப்பது அதனால்தான். எவ்வளவு ஈரம் என்பதை அளக்க இன்னோர் உணரி வேண்டும்.